சினை நண்டுகளைத் திருப்பி விட்ட வருடம்

பூநகரிக் கரையில் நண்டு அளக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் அந்தக் கடையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான், நண்டுத் தொழிற்சாலை ஒன்று எங்கள் கரையில் வேலைக்கு ஆள் தேடுவதாக மாமா வந்து சொன்னார்.

மாமா அம்மாவின் தம்பி. கடல் நீர் உள்ளே புகுந்து ஆழமில்லாமல் கிடக்கிற களப்பில் நண்டு வலை போடுகிறவர். எங்கள் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"உயர்தரம் படிச்ச ஆள் வேணுமாம். வெயிலுக்குப் பயப்பிடாத ஆளா இருக்கவேணுமாம். போய்ப் பார் பிள்ளை" என்றார்.

போனேன். தொழிற்சாலை எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. நண்டை அவித்து, சதையை எடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மனேஜர் யாழ்ப்பாணத்து ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, தேநீர் வரவழைத்து, ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தைக் கையில் தந்தார். அதன் ஒரு பக்கத்தில் அகலமான வெட்டு இருந்தது. நண்டின் முதுகு ஓடு அந்த வெட்டுக்குள் இறங்கினால் அது சின்ன நண்டு, வாங்கக் கூடாது. வயிற்றின் கீழே செம்மஞ்சள் நிறத்தில் முட்டைப் பொதியோடு இருந்தால் அது சினை நண்டு. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதையும் வாங்கக் கூடாது.

"உங்கட வேலை அளக்கிறதும் எழுதுறதும்தான் மிஸ்" என்றார். "ஆனா இந்தக் கம்பனியின்ர எதிர்காலமே உங்கட கொப்பியிலதான் இருக்கு."

அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

முதல் மாதம் கரையில் எனக்கு நல்ல ஏச்சுத்தான். விடியக் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்கு வள்ளம் கரைக்கு வரும்போது, கூடையில் பாதியை நான் ஒதுக்கி வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "உன்ர கொப்பர் பிடிச்ச நண்டை நீ அளந்து பாத்துத்தான் திண்டனியோ?" என்று ஒருவர் கேட்டார். மாமாகூட முதல் வாரம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால் மனேஜரே சங்கக் கட்டடத்துக்கு வந்தார். அன்று கரையில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள், வலையிலிருந்து நண்டு கழற்றுகிற பெண்களும் வந்து வாசலில் நின்றார்கள்.

மனேஜர் ஒளிக்காமல் சொன்னார். கம்பனி பெரிதாக வேண்டும், புது மண்டபமும் புது மெசினும் வேண்டும். நாட்டில் வங்கி வட்டி எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. ஆனால் வெளிநாட்டில் ஒரு நிதி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் கணக்கை மட்டும் பார்க்க மாட்டார்கள், கம்பனி கடலை எப்படி நடத்துகிறது, ஆட்களை எப்படி நடத்துகிறது என்றும் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

"புள்ளி இல்லையெண்டா கடன் இல்லை. புள்ளி கூடக் கூட வட்டி குறையும். நீங்கள் திருப்பிக் கடலுக்குள்ள விடுற ஒவ்வொரு சினை நண்டும் எங்கட புள்ளி" என்றார்.

மாமா எழும்பினார். "சேர், வட்டி குறையிறது உங்களுக்கு. நண்டை விடுறது நாங்கள். இதில எங்கட பங்கு என்ன?"

"நல்ல கேள்வி அண்ணை. கடன் வந்தா முதல் வேலை இந்தக் கரையில ஒரு ஐஸ் அறை. இரண்டாவது, பெரிய நண்டுக்கு விலை கூட்டித் தருவம். வேற எங்கையும் வாங்கமாட்டம். உங்கட களப்பு நண்டு மட்டும்தான்."

"எழுதித் தருவியளோ?"

மனேஜர் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினார். "அண்ணை, இவ உங்கட மருமகள்தானே? நாளைக்கும் உங்கட கரையிலதான் நிக்கப்போறா. இதைவிட என்ன எழுத்து வேணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

இனி வேண்டாம் என்று சின்னக் கண் வலைகளை மாமாதான் முதலில் கொண்டுவந்து கரையில் போட்டார். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். கம்பனி பெரிய கண் வலைக்குப் பாதிக் காசு கொடுத்தது, மீதி அவர்களுடையது. பழைய வலைகளைக் குவித்து வெட்டும்போது படம் எடுக்க ஒருவரைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மாமாவின் கையில் ஒரு பெரிய நீலக்கால் நண்டைக் கொடுத்து, கடலைப் பார்க்கச் சொல்லி எடுத்தார்கள்.

அந்த வருடம் எங்கள் கரை செய்ததை நான் குறைத்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் தொடங்குகிற ஒரு மாதத்தில் மாமாவின் வலையில் வந்தது பெரும்பாலும் சினை நண்டு. மாமி கரையில் நின்று, "இதில நாலை மட்டுமாவது வையுங்கோவன். பிள்ளையளுக்குக் காலில போடச் சப்பாத்து வாங்கவேணும்" என்று கெஞ்சினாள். மாமா தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து, கால் முறியாமல் வலையிலிருந்து பிரித்து விட்டார். "எழுது பிள்ளை" என்றார். எழுதினேன். வேறு யாரும் பார்க்காத நேரத்திலும் அவர்கள் விட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஏழெட்டு மாதத்தில் வலையில் நண்டு பெரிதாக வரத் தொடங்கியது. என் கொப்பியிலேயே அது தெரிந்தது.

கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி வெள்ளைக்காரப் பெண், அகலத் தொப்பி போட்டிருந்தாள். மற்றவர் கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். அவள் என் கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மனேஜரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்: "இவர்கள் விரும்பித்தான் செய்கிறார்களா, அல்லது வற்புறுத்தலா?"

"முதல் விருப்பமில்லை. இப்ப விருப்பம்" என்றேன். அது முழு உண்மை. அவள் தலையாட்டி, எழுதிக்கொண்டாள். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

கடன் வந்தது. ஒரே தடவையில் அல்ல, பகுதி பகுதியாக. முதல் பகுதி வந்த அன்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். கம்பனியின் வருடாந்த அறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. அட்டையில் மாமாவின் படம். சங்கக் கட்டடத்தில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கரையில் ஐஸ் அறைக்கு நான்கு மூலையிலும் குழி வெட்டிக் கம்பி நட்டார்கள்.

அதோடு அந்த வேலை நின்றது. மழை வந்துவிட்டது என்றார்கள். மழை போன பிறகு சீமெந்து விலை என்றார்கள். நானும் அதையே கரையில் திருப்பிச் சொன்னேன்.

மாதக் கடைசியில் கொப்பிகளைத் தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். அப்படிப் போகும்போது சாப்பாட்டு நேரத்தில் ஒரு அக்காவோடு இருந்து சாப்பிடுவேன். சதை எடுக்கிற மேசையில் அவர் வேலை செய்தார். அவருடைய பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவர் பிறந்ததே கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத்தில். எப்போதும் பகிடியாகக் கதைப்பவர். புது மண்டபம் திறந்து நான்கைந்து மாதம் இருக்கும், அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"என்னக்கா?"

"சம்பளம் கொறஞ்சு போச்சு தங்கச்சி. எங்களுக்கு எடுக்கிற சதைய நிறுத்துத்தானே காசு? இப்ப வர்ற நண்டுல சதையே இல்ல. நாள் முழுக்க ஒடச்சாலும் தட்டு நிறைய மாட்டேங்குது."

"எங்கட கரை நண்டு பெரிசாத்தானே அக்கா வருது?"

"ஒங்க கரை நண்டா?" என்று என்னைப் பார்த்தார். "ஒங்க கரை நண்டு பழைய மண்டபத்துக்கு. புது மண்டபத்துக்கு லொறில வேற நண்டு வருதே. வா, காட்டுறேன்."

பின்பக்கம் கூட்டிப்போனார். கழுவுகிற தொட்டிக்கு அருகில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேல் பெட்டியில் இருந்தவை என் உள்ளங்கைக்குள் அடங்கும் நண்டுகள். பையிலிருந்து சட்டத்தை எடுத்து ஒன்றை வைத்தேன். வெட்டுக்குள் ஆடிக்கொண்டு இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது. தொட்டியின் வாய்க்காலில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் தூளாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். நண்டு முட்டை. சினையைச் சுரண்டிவிட்டு அவித்திருக்கிறார்கள்.

ஏனென்று தெரியாமலே கைபேசியை எடுத்து, சட்டமும் நண்டும் தெரிய நான்கு படம் எடுத்தேன்.

நேரே மனேஜரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாகக் கதைத்தார்.

"அது வேற கம்பனிக்கு நாங்கள் உடைச்சுக் குடுக்கிற நண்டு மிஸ். எங்கட பேர் அதில இல்லை. எங்கட அறிக்கையில அது வராது."

"வேற கம்பனி யாருடையது சேர்?"

"முதலாளியின்ர தம்பியின்ர பேரில இருக்கு."

"வேற எங்கையும் வாங்கமாட்டம் எண்டு நீங்கள்தானே கரையில சொன்னீங்கள்?"

"சொன்னனான். அப்ப பழைய மண்டபம் மட்டும்தானே. இப்ப அந்தக் கடனில வாங்கின மெசின் நிக்குது. அதுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நண்டு உங்கட களப்பில ஒரு கிழமைக்கும் வராது. மெசின் சும்மா நிண்டா கடனை என்னண்டு கட்டுறது? யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் கரை கடலைக் காத்ததால் கம்பனிக்குக் கடன் கிடைத்தது. அந்தக் கடனில் வாங்கிய மெசினுக்குத் தீனி போட வேறு கரைகளில் குஞ்சு நண்டையும் சினை நண்டையும் வழித்து எடுக்கிறார்கள். மாமா விட்டவை எல்லாம் இதற்குத்தானா? பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன்.

"கொஞ்ச நாள் பொறுங்கோ. ஐஸ் அறையை நான் முடிச்சுத் தாறன். இப்ப கதை வெளியில போனா முதல் அடி உங்கட ஆக்களுக்குத்தான்" என்று மனேஜர் கடைசியாகச் சொல்லியிருந்தார்.

நான் பொறுத்தேன். ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் கரையில் நின்று அளந்தேன். மாமா தண்ணீருக்குள் நின்று சினை நண்டை விட, நான் எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, மனேஜர் ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கையும் இருந்தது. எது கூடுதலாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு, தினமும் நண்டு ஏற்ற வந்த கம்பனியின் கூலர் லொறி எங்கள் கரைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரத் தொடங்கியது. வந்தாலும் பாதியை எடுத்துவிட்டு, "போதும், அங்க நிறைய இருக்கு" என்று சாரதி கதவைச் சாத்தினான். கூட்டித் தருவதாகச் சொன்ன விலை குறைந்தது. மாமா ஒருநாள் ஐஸ் இல்லாமல் வெயிலில் செத்துப்போன ஒரு கூடை நண்டைக் கரையிலேயே கொட்டினார். கொட்டிவிட்டு என்னைக் கேட்டார்: "என்ன பிள்ளை நடக்குது அங்கை?"

"தெரியேல்லை மாமா" என்றேன்.

அன்று பின்னேரம் சங்கக் கட்டடத்துக்குப் போய், கண்ணாடிக்குள் இருந்த அறிக்கையைக் கழற்றி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் முறைப்பாடு அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தின் முகவரி. முறைப்பாடு செய்பவரின் பெயர் வெளியே வராது என்றும் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் எழுதி, நான்கு படங்களையும் சேர்த்து அனுப்பினேன். அந்தத் தொப்பி போட்ட பெண் வாசிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வரியில் பதில் வந்தது. நன்றி, கவனத்தில் எடுக்கிறோம்.

இரண்டு கிழமையில் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் கடிதம் இருந்தது. கம்பனியிடம் விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். சொன்னபடியே என் பெயரை அழித்திருந்தார்கள். ஆனால் படங்களை அப்படியே அனுப்பியிருந்தார்கள். நண்டின் மேல் வைத்த சட்டத்தில் நான் கறுப்பு மையால் எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது: பூநகரி.

மனேஜர் அதை விரலால் தொட்டார். "இந்தக் கம்பனியில இந்தச் சட்டம் ஆரிட்ட இருக்கு மிஸ்?"

பையிலிருந்து சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உங்களை நான் என்ர தங்கச்சி மாதிரி நடத்தினனான்" என்றார். அவர் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. துரோகம் செய்தது நான்தான் என்று அவர் மனதார நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். அன்றோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். கம்பனியின் புள்ளியைக் குறைத்தார்கள், கடனின் மீதிப் பகுதியை நிறுத்தினார்கள். அதன் பலன் எங்களுக்கு இப்படி வந்தது: புது மண்டபத்தைப் பூட்டினார்கள், அங்கே சதை எடுத்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், எங்கள் கரைக்கு லொறி அனுப்புவதையும் நிறுத்தினார்கள். அந்த அக்கா தொலைபேசியில் எடுத்தார். அழுகை இல்லை, பகிடியும் இல்லை.

"சம்பளம் கூடணும்னுதான் ஒங்கிட்ட சொன்னேன் தங்கச்சி. வேலை போகணும்னு சொல்லலயே" என்றார்.

சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சங்கத்தில் கூட்டம் கூடியது. நான் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். லொறி வராததற்கு என் கடிதம்தான் காரணம் என்று பலர் கத்தினார்கள். ஒருவர் எழும்பி, "எப்ப கண்டனி உந்தச் சின்ன நண்டை?" என்று கேட்டார். திகதியைச் சொன்னேன். மாமா மனதுக்குள் நாட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. எழும்பி வெளியே போனார். அந்த வருடக் கடைசியில் தலைவர் பதவிக்கு வேறொருவரைத் தெரிவு செய்தார்கள்.

ஆறேழு மாதத்தில் தொழிற்சாலை மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. உள்நாட்டு வங்கி ஒன்றிடம் கடன் எடுத்து, வெளிநாட்டுக் கடனைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்று அங்கே கணக்குப் பகுதியில் இருந்த ஒருவர் சொன்னார். வட்டி கூடுதல்தானாம். ஆனால் புது வங்கி காணி உறுதிப் பத்திரத்தையும் மெசினையும் மட்டும்தான் கேட்டதாம். நண்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம். வீட்டுக்கு அனுப்பிய பெண்களைத் திரும்ப எடுத்தார்கள். அந்த அக்காவும் போயிருப்பார். எனக்கு அவர் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை.

இப்போது லொறி எங்கள் கரைக்குத் தினமும் வருகிறது. அளப்பதற்கு யாரும் இல்லை. சின்னது, பெரிது, சினை எல்லாம் ஒரே தராசில். பாதிப் பேர் சின்னக் கண் வலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மாமா பெரிய கண் வலையோடுதான் போகிறார் என்று அம்மா சொன்னாள். சினை நண்டை விடுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

நான் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். ஒன்றரை வருடமாக மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போன மாதம் ஒரு காலையில் கடைக்குள் வந்தார். வள்ளத்து அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், அடையாள அட்டை கொப்பி வேண்டும் என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"அவங்கள் ஏமாத்தினது எனக்குப் பெரிசா நோகேல்லை" என்றார், தாளைப் பார்த்தபடி. "அவங்கள் வேற ஆக்கள். நீ தெரிஞ்சுகொண்டு ஒரு மாதம் என்ர வள்ளத்துக்குப் பக்கத்தில நிண்டு அளந்தனி."

"பயந்துபோனன் மாமா."

"எனக்கு முதல் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?"

மாமா எதையும் சும்மா சொல்கிறவர் அல்ல.

"தெரியேல்லை" என்றார். "ஆனா அந்த ஒரு மாதமும் சினை நண்டுகளை விட்டிருக்கமாட்டன். பிள்ளையளுக்குச் சப்பாத்தாவது வாங்கியிருப்பன்."

அடையாள அட்டையின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டுமாம், மறந்துவிட்டார். அதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். ஒரு காலைப் பெடலில் வைத்தபடி, "அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

"ஓம் மாமா" என்றேன்.